பூசணம் பிடித்த பூச்சியைத் தூக்கி எறியாதீர்கள்

வேளாண் கல்லூரிகளில் பூச்சிப் பெட்டி தயாரித்துக்கொண்டிருக்கும் மாணவ, மாணவியருக்கு,



இந்நேரம் உங்கள் விடுதி அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்கடியில் வலை, மேசைமேல் கில்லிங் பாட்டில், தெர்மாகோல் பலகையில் இறகு விரித்துக் குத்திவைத்த தட்டான், அறை முழுக்க அந்துருண்டை வாசம். எத்தனை வரிசை சேர்ந்தது, எத்தனை குடும்பம் இன்னும் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். இருபத்தேழு ஆண்டுகள் இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்து மதிப்பெண் போட்டவன் நான். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

பெட்டிக்கு ஆகாது என்று நீங்கள் வயலிலேயே விட்டுவரும் பூச்சிகளைப் பற்றியது அது. கால் ஒடிந்தவை, உணர்கொம்பு உதிர்ந்தவை போகட்டும். உடம்பெல்லாம் வெள்ளை படர்ந்தும், பச்சைத் தூள் பூத்தும், கழுத்திலிருந்து தண்டு முளைத்தும் செத்துக் கிடப்பவை உண்டே, அவற்றை விட்டுவராதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் பெட்டியின் ஓரத்தில் ஓர் எறும்பை வைத்திருந்தாள். இலைத் துண்டோடு சேர்த்து ஊசி குத்தியிருந்தாள். எறும்பின் பிடரியிலிருந்து மெல்லிய கறுத்த தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "பூசணம் பிடித்ததைப் பெட்டியில் வைக்கலாமா?" என்று கேட்டேன். "எடுக்கும்போதே இப்படித்தான் சார் இருந்தது. காப்பித் தோட்டத்தில் இலை நரம்பைக் கடித்தபடியே செத்திருந்தது" என்றாள். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தேன். அந்த எறும்பு எந்தச் சிற்றினம், அதைக் கொன்ற பூஞ்சை எது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. தவறு என்னுடையது.

2011 மார்ச்சில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது அந்த எறும்புதான் என் கண்முன் வந்தது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், அட்லாண்டிக் மழைக்காடு வெட்டப்பட்டதுபோக மிஞ்சியிருக்கும் துண்டுக் காடுகளில், ஹாரி எவான்ஸ், சைமன் எலியட், டேவிட் ஹியூஸ் என்ற மூவர் செய்த ஆய்வு அது. இலையைக் கவ்வியபடி செத்த எறும்புகளைச் சேகரித்தார்கள். எல்லாமே கட்டெறும்பின் பேரினமான காம்போனோட்டஸைச் சேர்ந்தவை. அவற்றின் பிடரியில் முளைத்திருந்த பூஞ்சைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: ஒஃபியோகார்டிசெப்ஸ் யூனிலேட்டராலிஸ். உலகின் எந்த வெப்பமண்டலக் காட்டில் இப்படிச் செத்த எறும்பு கிடைத்தாலும் பெரும்பாலும் அதே பெயரைத்தான் எழுதிவந்தார்கள். இந்த மூவரோ எறும்புகளைச் சிற்றினவாரியாகப் பிரித்தார்கள். பூஞ்சை வித்துகளின் நீளம், வளைவு, அவை முளைக்கும் விதம் எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த நான்கு வகை எறும்புகளில் நான்கு வெவ்வேறு பூஞ்சைகள் இருந்தன. எறும்பின் பெயரையே பூஞ்சைக்கும் வைத்தார்கள்: காம்போனோட்டி-ரூஃபிபெடிஸ், காம்போனோட்டி-பால்சானி, காம்போனோட்டி-மெலனோட்டிசி, காம்போனோட்டி-நோவோகிரனடென்சிஸ்.

காட்டில் எடுத்த எறும்பை அப்படியே உலர்த்தி வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது. இந்தப் பூஞ்சைகளின் வித்துகள் பறந்துபோவதில்லை. தரையில் விழுந்து முளைக்கின்றன. முளைத்து மயிரிழை போன்ற காம்பு விட்டு, அதன் நுனியில் இன்னொரு வித்தை ஏந்தி, அந்த வழியாக நடந்துபோகும் எறும்பின் காலில் ஒட்டிக்கொள்ளக் காத்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று வேறுபாடு துலங்குவது இந்தக் கட்டத்தில்தான். வித்து உதிரும்வரை பொறுத்திருந்து, உதிர்ந்த பிறகு முளைக்கும்வரை பார்த்திருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

இந்தப் பூஞ்சை எறும்பை என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வித்து எறும்பின் தோலில் ஒட்டி, துளையிட்டு உள்ளே இறங்கும். இரத்தத்தில் ஈஸ்ட் செல்களைப்போலப் பெருகும். சில நாட்கள் கழித்து எறும்பு தன் கூட்டத்தை விட்டுத் தனியே வந்து, ஒரு செடியில் ஏறி, இலையின் அடிப்பக்கத்து நரம்பைக் கவ்வி, அங்கேயே சாகும். தாடைத் தசைகள் சிதைந்துபோவதால் செத்த பிறகும் கவ்வல் விடாது. பிறகு பிடரியில் தண்டு முளைத்து, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் வித்துறைகள் உண்டாகும். ஒருபக்கமானது என்று பொருள்படும் 'யூனிலேட்டராலிஸ்' என்ற பெயர் வந்தது அதனால்தான்.

தெற்குத் தாய்லாந்தின் காவ் சோங் காட்டில் சான்ட்ரா ஆண்டர்சென் குழுவினர் அளந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். இறந்த எறும்புகள் தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில், பெரும்பாலும் செடியின் வட-வடமேற்குப் பக்கத்து இலைகளில் இருந்தன. காற்றின் ஈரப்பதம் அங்கே 95 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பூஞ்சைக்குத் தேவையான இடத்தை எறும்பின் கால்கள் தேடிக் கொடுத்திருக்கின்றன. மூளையைப் பூஞ்சை தின்றுவிடுகிறது என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2017இல் மேரிடெல் ஃபிரெடரிக்சனும் உடன் ஆய்ந்தவர்களும் பாதிக்கப்பட்ட எறும்பின் உடலை இழைஇழையாகப் படம்பிடித்துப் பார்த்தபோது, பூஞ்சைச் செல்கள் தசைநார்களைச் சுற்றி வலையாகப் பின்னியிருந்தன; மூளைக்குள் ஒன்றுகூட நுழையவில்லை. ஜெர்மனியின் மெஸ்ஸல் படுகையில் கிடைத்த 4 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழைய இலைப் புதைபடிவத்தில் இதேபோன்ற கடித்தழும்பு உண்டு. அத்தனை காலமாக நடந்துவருகிற உறவு இது.

அத்தனை கோடி ஆண்டுகளில் எறும்புகள் எத்தனையோ கிளைகளாகப் பிரிந்துவிட்டன. அவற்றைத் தொற்றிய பூஞ்சை மட்டும் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று எப்படி நம்பினோம்?

பூச்சி படிக்கிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பது ஒரு காரணம். இதற்கு யூனிலேட்டராலிஸ் என்ற முதல் பெயரின் கதையே சாட்சி. பிரான்சைச் சேர்ந்த லூயி ரெனே துலான், ஷார்ல் துலான் சகோதரர்கள் 1865இல் பிரேசிலிலிருந்து வந்த ஒரே ஓர் எறும்பை வைத்துக்கொண்டு இந்தப் பூஞ்சையை விவரித்தார்கள். அந்தக் காலத்துப் பூஞ்சையியலில் ஷார்லின் ஓவியத்துக்கு ஈடு கிடையாது. பூஞ்சையை அணுஅணுவாகப் பார்த்த அந்தச் சகோதரர்கள் எறும்பின் பெயரை மட்டும் தவறாக எழுதிவிட்டார்கள். இலைவெட்டி எறும்பு, அட்டா செஃபலோட்ஸ் என்றார்கள். படத்தில் இருப்பதோ பொன்னிறம் மின்னும் கட்டெறும்பு வகையான காம்போனோட்டஸ் செரிசிவென்ட்ரிஸ். எறும்பின் குடும்ப மரத்தில் இவை இரண்டும் வேறுவேறு துணைக்குடும்பங்கள்.

அவர்கள் விவரித்த அந்த மூல மாதிரி பின்னர் தொலைந்தும் போனது. அதுவும் முதிராத பூஞ்சை என்பதால், சிற்றினத்தை அடையாளம் காண வேண்டிய வித்து விவரங்கள் மூல விளக்கத்திலும் இல்லை. 2018இல்தான் எவான்ஸ் உள்ளிட்டோர் பழைய படத்தில் உள்ள எறும்பைச் சரியாக இனம்கண்டு, மினாஸ் ஜெராய்ஸில் அதே எறும்பில் அதே பூஞ்சையைத் தேடி எடுத்து, புதிய மூல மாதிரியாக அறிவித்தார்கள். 153 ஆண்டுகள்! எறும்பு தெரிந்த ஒருவர் அந்தப் படத்தைக் கவனித்துப் பார்த்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்காது.

அதே 2018இல் ஜோவாவ் அராவுஜோ தலைமையில் வந்த இன்னொரு ஆய்வு, எறும்புகளைத் தொற்றும் இந்தக் கூட்டத்தில் 15 புதிய சிற்றினங்களை விவரித்தது. மாதிரிகள் பிரேசிலோடு நிற்கவில்லை. கொலம்பியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று விரிந்தன. காம்போனோட்டஸ் பேரினத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எறும்புச் சிற்றினங்கள் உண்டு. நம் வீட்டுச் சுவரோரம் ஊரும் கட்டெறும்பும் அதில் ஒன்று.

நம்முடைய பக்கத்து மண்ணுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஒஃபியோகார்டிசெப்ஸ் என்ற பேரினத்தை 1931இல் ஏற்படுத்தியவர் தாமஸ் பெட்ச். 1905 முதல் இலங்கையில், பேராதனை தாவரவியல் தோட்டத்தில் பூஞ்சையியலாளராக இருந்தவர். தேயிலை, ரப்பர் நோய்களைப் பற்றி எழுதியவர். தோட்டப் பயிர்களின் நோய் பார்ப்பதே வேலையாக இருந்த மனிதர், செத்த செதில்பூச்சிகளையும் எறும்புகளையும் குப்பையென்று தள்ளாமல் எடுத்துப் பார்த்தார். அவர் வைத்த பெயரைப் பிறகு வந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2007இல் மரபணு ஆய்வு நடந்தபோதுதான் அவர் பிரித்தது சரி என்று தெரிந்து அந்தப் பேரினம் மீண்டும் உயிர்பெற்றது.

எல்லாம் ஒரே பூஞ்சை என்று நம்பியதற்கு இன்னொரு காரணம் நமது துறைச் சுவர். பூஞ்சைக்காரர் மாதிரியை எடுத்தால் உறையின்மேல் 'எறும்பின் மேல்' என்றோ 'வண்டின் மேல்' என்றோ எழுதி முடித்துவிடுவார். பூச்சிக்காரர் எடுத்தால், கெட்டுப்போன மாதிரி என்று கழித்துவிடுவார். பூஞ்சைக்குப் பெயர் இருக்கும் இடத்தில் பூச்சிக்குப் பெயர் இருக்காது. பூச்சிக்குப் பெயர் இருக்கும் பெட்டியில் பூஞ்சையே இருக்காது. உங்கள் கல்லூரியில் பயிர் நோயியல் துறையும் பூச்சியியல் துறையும் ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளில் இருக்கலாம். இந்தச் செத்த எறும்பு அந்த மாடிப்படியில் கிடக்கிறது.

காட்டு எறும்பு கதை நமக்கெதற்கு, நாங்கள் பயிர் பார்க்கப்போகிறவர்கள் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குப் பழக்கமான பெயர்களுக்கே வருகிறேன். உரக்கடையில் மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் என்ன கொடுக்கிறார்கள்? 'வெர்டிசீலியம் லெக்கானி'. இந்தப் பூஞ்சை 1898இல் சிம்மர்மன் என்பவரால் காப்பிச் செடியின் செதில்பூச்சியிலிருந்து விவரிக்கப்பட்டது. 1980களில் இங்கிலாந்தில் இதே பூஞ்சையின் பெயரைச் சொல்லி இரண்டு தயாரிப்புகள் விற்பனைக்கு வந்தன: அசுவினிக்கு வெர்டலெக், வெள்ளை ஈக்கு மைகோட்டால். ஒரே பூஞ்சையின் இரண்டு ரகங்கள் என்றுதான் எண்ணினார்கள். 2001இல் ஈரானைச் சேர்ந்த ரசூல் ஜாரேயும் நெதர்லாந்தில் பணியாற்றிய வால்டர் காம்ஸும் அந்தக் கூட்டத்தைப் பிரித்தபோது, வெர்டலெக்கில் இருந்தது லெக்கானிசிலியம் லாங்கிஸ்போரம், மைகோட்டாலில் இருந்தது லெக்கானிசிலியம் மஸ்கேரியம் என்றானது. இரண்டுமே உண்மையான லெக்கானி அல்ல. நம் ஊர்ப் பொட்டலங்களில் இன்னும் பழைய பெயர்தான் அச்சாகிறது.

தென்னைக்கு வாருங்கள். காண்டாமிருக வண்டின் புழுவைக் கொல்ல எருக்குழியில் மெட்டாரைசியம் அனைசோப்ளியே கலக்கச் சொல்லி நாமே விவசாயிகளிடம் சொல்கிறோம். 1879இல் ஒடெசாவில் மெச்னிகோஃப் கோதுமை வண்டின்மேல் கண்ட பூஞ்சையின் பெயர் அது. 2009இல் பிஷாஃப், ரெனர், ஹம்பர் மூவரும் பல மரபணுக்களை ஒப்பிட்டு, இந்த ஒரு பெயருக்குள் ஒன்பது சிற்றினங்கள் இருப்பதைக் காட்டினார்கள். வெட்டுக்கிளியைத் தாக்குவது மெட்டாரைசியம் அக்ரிடம். காண்டாமிருக வண்டோடு நெடுங்காலமாகச் சேர்த்துப் பேசப்படும் நீள்வித்துப் பூஞ்சை மெட்டாரைசியம் மேஜஸ். அதன் வித்து மற்றவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீளம். அது முன்பே ஒரு வகை என்ற அளவில் பிரித்துவைக்கப்பட்டிருந்தது. மற்ற பலவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. எல்லாம் ஒரே பச்சைத் தூள்.

"போன வருசம் கேட்டுச்சு சார், இந்த வருசம் கேக்கல" என்று ஒரு விவசாயி உங்களிடம் வந்து சொல்வார். கடையில் வெயிலில் கிடந்த பொட்டலமாக இருக்கலாம். ஈரமில்லாத நேரத்தில் தெளித்திருக்கலாம். காலாவதியாகியிருக்கலாம். அதோடு இதையும் கேட்க வேண்டும்: பொட்டலத்தில் இருக்கும் பூஞ்சையும், அந்தத் தோப்பில் அந்த வண்டைத் தானாகக் கொல்லும் பூஞ்சையும் ஒன்றா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தத் தோப்பில் செத்த புழு நம் கையில் இருக்க வேண்டும். எடுத்து வைத்தவர் யார்?

எறும்புப் பூஞ்சையிலும் இப்படி ஒரு சோதனை நடந்தது. 2014இல் ஷாரிசா டி பெக்கர் குழுவினர் அமெரிக்காவில் கிடைத்த ஒரு பூஞ்சையை அது இயல்பாகத் தொற்றும் எறும்புகளுக்கும், தொற்றாத எறும்புகளுக்கும் செலுத்திப் பார்த்தார்கள். எல்லா எறும்புகளையும் அது கொன்றது. ஆனால் ஏறிப்போய்க் கவ்வவைக்க, தனக்குப் பழகிய எறும்பில் மட்டுமே அதனால் முடிந்தது. கொல்வது ஒன்று, கொன்ற பிறகு அங்கே வளர்ந்து அடுத்த பூச்சிக்குப் பரவுவது வேறொன்று. வயலில் நமக்கு வேண்டியது இரண்டாவது. அதற்குப் பூஞ்சையும் பூச்சியும் பொருந்தியிருக்க வேண்டும்.

சரி, எங்கே தேடுவது? காடு வேண்டாம். வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் எதையும் எடுக்கக் கூடாது, அதை மறக்காதீர்கள். மக்காச்சோள வயல் போதும். 2018இல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழுவை மெட்டாரைசியம் ரைலியை என்ற பூஞ்சை தானாகவே தொற்றுகிறது. மழை விட்ட ஈரமான வாரங்களில் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். விறைத்து, சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து, பிறகு வெளிர்பச்சைத் தூள் பூத்த புழுக்கள் கிடைக்கும். தென்னந்தோப்பின் எருக்குழி, காப்பித் தோட்டத்து இலையடி, நெல் வயல் வரப்பு, இரவு விளக்கு எரியும் சுவர், எல்லாம் தேட உகந்த இடங்கள். பட்டுப்புழு வளர்ப்பவர் வீட்டில் சுண்ணாம்புக்கட்டி நோய் வந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். 1835இல் அகோஸ்டினோ பாஸி இத்தாலியில் அந்த நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சைதான் என்று நிறுவினார். நுண்ணுயிரி ஒரு விலங்கில் நோய் உண்டாக்கும் என்பதற்கு முதல் நிரூபணம் அதுதான். பெவேரியா பாஸியானாவில் உள்ள பாஸி அவர்தான்.

செத்த பிறகு ஈரத்தில் பூத்த பூசணத்தையும், கொன்ற பூஞ்சையையும் வேறுபடுத்த வேண்டும். கொன்ற பூஞ்சையில் உடல் பெரும்பாலும் அழுகியிருக்காது. விறைத்து, கெட்டியாகி, உள்ளே வெள்ளை நார் நிரம்பியிருக்கும். கணுக்களின் இடுக்கிலிருந்து பூஞ்சை வெளிவரும். பூச்சி எங்கேயாவது கவ்வியோ ஒட்டியோ இருக்கும். தொட்டதும் குழைந்து நாறினால் அது வேறு கதை.

கிடைத்தால் பிய்க்காதீர்கள். இலையோடு, குச்சியோடு வெட்டி எடுங்கள். எடுக்கும் முன் இருந்த இடத்திலேயே படமெடுங்கள். எதைக் கவ்வியிருக்கிறது என்பதும் அடையாளம்தான்: சில எறும்புகள் இலையைக் கடிக்கின்றன, இலையுதிர்காடுகளில் குச்சியைக் கடிக்கின்றன, வேறு சில மரத்தடிப் பாசியில் இறங்கிச் சாகின்றன. பாலித்தீன் பையில் போடாதீர்கள். வியர்த்து வேறு பூசணம் ஏறிவிடும். காகித உறையில் நிழலில் உலர்த்துங்கள். அந்துருண்டையும் ஆல்கஹாலும் வேண்டாம். அதே இடத்தில் நலமாக ஊரும் அதே வகைப் பூச்சி ஒன்றைப் பிடித்து முறையாகக் குத்தி உறையோடு வையுங்கள். பூஞ்சை மூடிய உடலில் அடையாளம் தெரியாமல்போனால் அந்த நல்ல மாதிரிதான் பெயர் சொல்லும். பூஞ்சைக்காரர் எவராலும் செய்ய முடியாத வேலை இது. உங்களால் முடியும், குடும்பம், பேரினம் என்று இறங்கிப்போய்ப் பூச்சியைப் பெயர் சொல்லி அழைக்கத்தானே இந்தப் பெட்டியே? இரண்டு மூன்று மாதிரி இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அங்கேயே நூல் கட்டி விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் முதிர்ந்திருக்கலாம். துலான் சகோதரர்களுக்குக் கிடைக்காத முதிர்ந்த பூஞ்சை உங்களுக்குக் கிடைக்கும்.

உலகில் பூஞ்சைச் சிற்றினங்கள் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் ராபர்ட் லூக்கிங்கும் 2017இல் மதிப்பிட்டார்கள். அப்போது பெயர் பெற்றிருந்தவை ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம். பெயரில்லாதவற்றில் பல பூச்சிகளின் உடலில்தான் இருக்கின்றன. மரபணு வரிசை பார்க்கும் வசதி உங்கள் கல்லூரியில் இன்று இல்லாமல் இருக்கலாம். உறையில் பத்திரமாக இருக்கும் மாதிரி அந்த வசதி வரும்வரை காத்திருக்கும்.

உங்கள் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டிக்குப் போடும் மதிப்பெண்ணில் ஐந்தை இந்த உறைக்கு ஒதுக்குங்கள். ஒரு பருவத்தில் ஒரு கல்லூரியில் நூறு மாணவர்கள் ஆளுக்கு ஓர் உறை கொண்டுவந்தால், ஐந்தாண்டில் அந்த மாவட்டத்துப் பூச்சிப் பூஞ்சைகளுக்கு ஒரு சேகரிப்பு உருவாகிவிடும். பயிர் நோயியல் துறையிலிருந்து ஒருவரையும் மதிப்பிட அழையுங்கள்.

என் மாணவி கொண்டுவந்ததுபோல ஓர் எறும்பு உங்களில் ஒருவருக்கு இந்த மழைக்காலத்தில் கிடைக்கும். அதை உறையிலிட்டு, நாள், ஊர், செடி, உயரம், கவ்வியிருந்த இடம் எல்லாம் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், எறும்பின் பெயரை எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு பூச்சியியல் ஆசிரியர்